ஹைகிரவுண்டா, கார்டா, பாலிசியா: வீட்டு மருத்துவச் செலவை எதை நம்பிச் சமாளிப்பது?

திருநெல்வேலிப் பக்கம் வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று முடியாமல் போனால், "ஹைகிரவுண்டுக்குப் போவமா, பிரைவேட்டுக்குப் போவமா?" என்ற பேச்சுதான் முதலில் வரும். ஹைகிரவுண்டு என்பது பாளையங்கோட்டையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எங்கள் ஊர்ப் பேச்சுப் பெயர். ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது அந்தப் பேச்சு வந்தால் பயம்தான் முடிவெடுக்கும். "ஹைகிரவுண்டுல பாக்க மாட்டாவ, பிரைவேட்லயே சேத்துருவோம்" என்று கூட வந்த உறவினர் ஒருவர் சொல்வார். மறுநாள் காலை நகை அடகுக்குப் போகும். எல்லோரும் நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது.

நான் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு குடும்பம் மாதாமாதம் உடம்புக்காக எவ்வளவு செலவழிக்கிறது, அந்தப் பணம் எதில் போகிறது என்பதை அன்றாடம் கண்ணால் பார்க்கிறேன். அதனால் கேள்வியை இப்படிக் கேட்கலாம்: நடுத்தரத்துக்கும் கீழே இருக்கும் ஒரு குடும்பம் மருத்துவத்துக்கென்று ஆண்டுக்கு ஒரு தொகைதான் ஒதுக்க முடியும் என்றால், அதை எதில் போடுவது?

முதலில் பெரிய கணக்கு. தேசிய சுகாதாரக் கணக்கு அறிக்கையின்படி, இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதம். 2021-22-ல் அது 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நல்ல இறக்கம்தான், ஆனாலும் இன்றும் 100 ரூபாயில் ஏறக்குறைய 40 ரூபாய் நம் சட்டைப்பையிலிருந்து போகிறது. அதில் பெரும் பங்கு ஆபரேஷனுக்குப் போகவில்லை, மாத்திரைக்கும் வெளிநோயாளியாகப் போய்வரும் செலவுக்கும்தான் போகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. நாம் வாங்கும் காப்பீடுகளில் பெரும்பாலானவை, அரசு கார்டானாலும் தனியார் பாலிசியானாலும், ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். பணம் ஒரு வாசலில் போகிறது, பாதுகாப்பு வேறு வாசலில் நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முக்கூடலுக்குப் பக்கத்து ஊர்க் குடும்பம் ஒன்று. அப்பாவுக்கு வயது 63. சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றும் உண்டு. அம்மாவுக்கு 58, பீடி சுற்றுகிறார், பிரஷர் இருக்கிறது. மகன் வண்ணார்பேட்டையில் பெரிய ஜவுளிக்கடையில் வேலை, சம்பளம் ரூ.17,500. மருமகளும் பீடி சுற்றுகிறார். இரண்டு குழந்தைகள். அந்தத் தம்பி ஒருநாள் கடைக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். "அண்ணாச்சி, அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சேத்து 5 லட்சம் பாலிசி போடச் சொல்லுதாவ. வருஷத்துக்கு 36,000 வருது. போடட்டுமா?"

நான் அவரிடம் அந்த மாத மருந்துச் சீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன். அப்பாவின் மாத்திரை ரூ.2,350. அம்மாவுடையது ரூ.640. டாக்டர் பீஸ் ரூ.300. ரத்தப் பரிசோதனைகளை மாதத்துக்குப் பிரித்துப் போட்டால் ரூ.350. ஆக மொத்தம் ரூ.3,640. ஆண்டுக்கு ரூ.43,680. பாலிசி போட்டால் இதில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. இதற்கு மேல் 36,000 கட்ட வேண்டும். அவருடைய நான்கரை மாதச் சம்பளம் உடம்புக்கே போய்விடும்.

அவர்களுக்கு முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அரசு மருத்துவமனையும் ஊர் சுகாதார நிலையமும்

இலவச மருந்து தரமில்லாதது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. மருந்துக்கடையில் நிற்பவன் என்ற முறையில் இதை நான் அழுத்தமாக மறுக்க விரும்புகிறேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதுக்கும் தேவையான மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு, மருந்தின் மூலப் பெயரிலேயே வாங்குகிறது. வரும் சரக்கின் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே விநியோகம் செய்கிறது. கேரளமும் ராஜஸ்தானும் இந்த முறையைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. மெட்பார்மின், கிளிமிபிரைடு, அம்லோடிபின், அட்டர்வாஸ்டாட்டின் போன்ற அன்றாட மாத்திரைகளில் பிராண்டுப் பெயருக்காக நாம் கொடுக்கும் கூடுதல் பணம் உடம்புக்கு எந்த நன்மையும் செய்வதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும், வலி தணிப்புப் பராமரிப்பும் அதே திட்டத்தில் உண்டு. பெயரைப் பதிந்துகொள்ள ஊர் செவிலியரிடம் சொன்னால் போதும். நம் பக்கத்தில் வசதி குறைந்த பல வீடுகள்கூட இன்னும் பதியவில்லை. "கவுருமெண்டு மாத்திரையா?" என்ற தயக்கம்தான் காரணம். அந்தத் தயக்கத்தின் விலை முக்கூடல் குடும்பத்துக்கு மாதம் மூவாயிரம்.

பாம்புக்கடி பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், வாழைத் தோட்டமும் வயலும் உள்ள ஊர்கள் என்பதால். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அரசு மருத்துவமனையில் அது இலவசம். தனியாரில் குப்பி குப்பியாக எழுதி வாங்கும்போது தொகை ஏறும். பாம்பு கடித்தால் கடித்த இடத்தைக் கீறாமல், கட்டுப் போடாமல், கைகாலை அசைக்காமல், நேராக அரசு மருத்துவமனை. அங்கே யோசனைக்கு இடமே இல்லை.

விபத்தும் அப்படித்தான். 44-ஆம் எண் நான்கு வழிச்சாலை நாங்குநேரி, வள்ளியூர் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிறது. அந்தச் சாலையில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், எந்த மாநிலத்துக்காரரானாலும், இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை குறிப்பிட்ட தொகை வரை இலவசம். 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். வருமானச் சான்றும் கேட்பதில்லை, கார்டும் கேட்பதில்லை. இது தெரியாமல் அந்த இரவிலேயே வட்டிக்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

நெஞ்சு வலிக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டர்வாஸ்டாட்டின் முதல் டோஸை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் வைத்திருக்கும் இதயம் காப்போம் திட்டம் 2023-ல் வந்தது. மேற்கொண்டு பார்க்க ஹைகிரவுண்டு இருக்கிறது. 1965-ல் தொடங்கிய கல்லூரி அது. அதன் சூப்பர் ஸ்பெஷாலிட்டி பிளாக் 2019-ல் திறக்கப்பட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கூட்டம் அதிகம். காலையில் போய்ச் சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி வரும்போது பொழுது சாய்ந்துவிடும். திசையன்விளையிலிருந்தோ கூடங்குளத்திலிருந்தோ பாளையங்கோட்டைக்கு வருகிறவருக்கு அன்றைய கூலி போச்சு, கூட வந்தவருக்கும் போச்சு. சேர்த்துவிட்டால் துணைக்கு இருப்பவருக்குப் படுக்க இடம் கிடைக்காது. மாஞ்சோலை மலையில் இருப்பவர்களுக்குப் பேருந்தே பெரும்பாடு. மருத்துவம் இலவசம் என்றாலும் அங்கே போய்ச் சேருவது இலவசம் இல்லை. திட்டம் வகுப்பவர்கள் கணக்கில் இந்தச் செலவு தென்படுவதில்லை என்பதுதான் எனக்குள்ள பெரிய ஆதங்கம். இதனால்தான் நாள்பட்ட நோய்க்கு ஹைகிரவுண்டை விட ஊர் சுகாதார நிலையமே மேல் என்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியைப் பெரிய விஷயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு கார்டு

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 என்று இருந்தது. கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். பிரீமியம் எதுவும் நாம் கட்ட வேண்டியதில்லை. தகுதி உள்ளவர்கள் இதை எடுக்காமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. நோய் வந்தபின் ஓடுவதைவிட இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

ஆனால் கார்டு கையில் இருந்தால் எந்தத் தனியார் ஆஸ்பத்திரியிலும் எல்லாம் இலவசம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். ஒரு மருத்துவமனை இதயத்துக்கு மட்டும் திட்டத்தில் இருக்கும், எலும்புக்கு இருக்காது. பட்டியலில் இல்லாத சிகிச்சைக்குப் பணம் கிடையாது. சேரும் முன்பே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்: "இந்த ஆபரேஷனுக்கு இங்க கார்டு எடுப்பீங்களா? கார்டு போக நாங்க ஏதாவது கட்டணுமா?" திட்டத்தில் வரும் சிகிச்சைக்கு மேற்கொண்டு பணம் கேட்கக் கூடாது என்பது விதி. கேட்டால் புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அரசு மருத்துவமனையிலும் இந்தக் கார்டைக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். எப்படியும் இலவசம்தானே, எதற்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றும். கொடுத்தால் காப்பீட்டுத் தொகை அந்த அரசு மருத்துவமனைக்கே போகிறது, அதன் கருவிகளுக்கும் வசதிக்கும் பயன்படுகிறது. நாம் எல்லோரும் கார்டைத் தனியாருக்கே கொண்டுபோனால் அந்தப் பணமும் அங்கேயே போகும்.

முக்கூடல் குடும்பத்துக்கு இந்தக் கார்டு கிடைக்காது. மகனின் சம்பளமே ஆண்டுக்கு ரூ.2,10,000. எல்லோரும் ஒரே ரேஷன் கார்டு, ஒரே வீடு. "வருமானத்தைக் கொறச்சுக் காட்டிச் சான்று வாங்கித் தாரேன்"னு ஒருவர் சொன்னாராம். வேண்டாம் என்றேன். ஆபரேஷன் மேஜை வரைக்கும் போய் அங்கே சிக்கல் வந்தால் யார் பொறுப்பு?

சம்பளச் சீட்டில் இருந்த 132 ரூபாய்

இனிமேல்தான் முக்கியமான விஷயம். அந்தத் தம்பியின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். பிடித்தங்களில் "இ.எஸ்.ஐ. 132" என்று இருந்தது. "இது என்னன்னு தெரியுமா?" என்றேன். "ஏதோ பிடிக்காவ அண்ணாச்சி" என்றார்.

மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்குத் தொழிலாளர் அரசு காப்பீடு உண்டு. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். 17,500-க்கு அவர் பங்கு 132 ரூபாய். இந்தக் காப்பீட்டின் சிறப்பு என்னவென்றால், வெளிநோயாளி சிகிச்சையும் மாத்திரையும் இதில் அடங்கும். தொழிலாளி மட்டுமல்ல, மனைவி, பிள்ளைகள், வருமான வரம்புக்குள் அவரை நம்பி இருக்கும் தாய் தந்தையும் சேரலாம். ஏற்கெனவே சுகர் இருக்கிறது, வயது 63 ஆகிவிட்டது என்று யாரும் தள்ளமாட்டார்கள். திருநெல்வேலியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு, சுற்றுவட்டாரத்தில் மருந்தகங்கள் உண்டு. அங்கே முடியாததை ஒப்பந்தம் உள்ள வேறு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சூப்பர் ஸ்பெஷாலிட்டி சிகிச்சைக்குக் குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும். சில நேரம் மருந்து இருப்பு இல்லாமல் அலைய வேண்டியிருக்கும், பரிந்துரைக் கடிதத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். இருந்தாலும் 36,000 ரூபாய் பாலிசி தராத ஒன்றை இந்த 132 ரூபாய் தருகிறது. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பணம் பிடித்தமாகிறது. அப்பா அம்மா பெயரை மட்டும் யாரும் சேர்க்கவில்லை.

ஜவுளிக்கடை, ஓட்டல், தனியார் பள்ளி, மில் என்று பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் இருப்பவர்கள் உங்கள் சம்பளச் சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். 21,000-க்குள் சம்பளம் இருந்தும் பிடித்தமே இல்லை என்றால் முதலாளியிடம் கேளுங்கள். அது சலுகை இல்லை, சட்டப்படி வர வேண்டியது.

அம்மாவுக்கும் மருமகளுக்கும் இன்னொரு வழியும் உண்டு. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் முக்கூடலில் உள்ள மத்திய அரசின் பீடித் தொழிலாளர் மருத்துவமனையில் பார்க்கலாம். 1976-ல் வந்த பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தின் பயன் அது. அந்த நிதிக்கு வந்துகொண்டிருந்த தனி வரி 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நீக்கப்பட்டது. புகையிலைத் தூசியில் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கான நிதி இப்போது பட்ஜெட் ஒதுக்கீட்டை எதிர்பார்த்து நிற்கிறது. மேலப்பாளையம், வீரவநல்லூர், முக்கூடல் என்று இத்தனை ஊர்களில் இத்தனை ஆயிரம் பெண்கள் இருந்தும் இதைப் பற்றி உரக்கப் பேச ஆளில்லை.

தனியார் பாலிசி

பாலிசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு வேண்டும் என்பதில்தான் கவனம் வேண்டும்.

விற்பவர் 5 லட்சம், 10 லட்சம் என்று சொல்வார். காத்திருப்புக் காலத்தை மெதுவாகச் சொல்வார். விபத்தைத் தவிர மற்றதற்கு முதல் 30 நாள் எதுவும் கிடையாது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் 2 ஆண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் 3 ஆண்டு வரை காக்க வைக்கலாம். 2024 ஏப்ரலுக்கு முன்பு அது 4 ஆண்டாக இருந்தது. ஆக, சுகரும் பிரஷரும் உள்ள 63 வயதுக்காரர் அவற்றால் வரும் சிக்கலுக்குப் பணம் பெற 66 வயது வரை காத்திருக்க நேரலாம். அதற்குள் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பார். அறை வாடகைக்கு வரம்பு இருந்தால், அதற்கு மேற்பட்ட அறையில் படுத்தால் அறை வாடகையில் மட்டும் குறைக்கமாட்டார்கள், பில்லின் வேறு சில இனங்களிலும் அதே விகிதத்தில் பிடிப்பார்கள். மூத்தவர்கள் பாலிசியில் பில்லில் இத்தனை சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். சுகர் இருப்பதை மறைத்து எழுதச் சொல்லும் ஏஜென்டை அந்த இடத்திலேயே அனுப்பிவிடுங்கள். கிளெய்ம் நிராகரிக்கப்படும்போது அவர் உங்கள் பக்கத்தில் இருக்கமாட்டார்.

இளம் வயதில், நோய் எதுவும் வருமுன் எடுத்தால் கணக்கு மாறிவிடும். பிரீமியம் குறைவு, காத்திருப்புக் காலம் ஆரோக்கியமாக இருக்கும்போதே கழிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இல்லை. ஒரு ஒப்பீட்டுக்கு: 2017-18 தேசிய மாதிரி ஆய்வில், பிரசவம் தவிர்த்து ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஆன சராசரிச் செலவு அரசில் ரூ.4,452, தனியாரில் ரூ.31,845. இது நாடு முழுவதுக்குமான சராசரி, பழைய விலையும்கூட. இதய ஆபரேஷனோ புற்றுநோயோ வந்தால் பல மடங்கு. அந்தப் பல மடங்குக்குத்தான் பாலிசி. கையிருப்பிலிருந்தே சமாளிக்கக்கூடிய சின்னச் செலவுக்கு அது வேண்டாம்.

கண்புரைக்காக மட்டும் பாலிசி தேடுகிறவர்கள் தேட வேண்டாம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பணம் கட்டுபவருக்கும் கட்ட முடியாதவருக்கும் அங்கே இடம் உண்டு. ஊர் ஊராக முகாம் வருகிறது.

கடைசியில் அந்தக் குடும்பம் செய்தது

பெற்றோருக்குப் பாலிசி போடவில்லை. மகன் கடை அலுவலகத்தில் சொல்லி அப்பா அம்மா, மனைவி, குழந்தைகள் பெயரை இ.எஸ்.ஐ.யில் சேர்த்தார். அப்பா ஊர் சுகாதார நிலையத்தில் பழைய சீட்டுகளைக் காட்டினார். அங்கே டாக்டர் பரிசோதனை செய்து, அங்கேயே கிடைக்கும் மாத்திரைகளாக மாற்றிக் கொடுத்து, மூன்று மாதச் சராசரிச் சுகரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். (டாக்டரைக் கேட்காமல் நீங்களாக எந்த மாத்திரையையும் மாற்றிவிடாதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள்.) ஒரு மாத்திரை மட்டும் அங்கே இல்லை. அதை, குறைந்த விலையில் மருந்து விற்க 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்தில் வாங்குகிறார்கள். எங்கள் கடைக்கு வரும் பணம் குறைந்தது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. மாதம் 3,640 என்பது இப்போது 600-க்குள் அடங்குகிறது.

மிச்சமாகும் பணத்தில் மாதம் 2,000 தபால் அலுவலக ஆர்.டி.யில் போகிறது. அவசரத்துக்கு ஆட்டோவுக்கும், துணைக்கு இருப்பவர் சாப்பாட்டுக்கும், ஹைகிரவுண்டில் சேர்ந்தால் போகும் கூலிக்கும் அது. பாக்கியில் மகன், மருமகள், குழந்தைகள் நால்வருக்கும் மட்டும் ஒரு குடும்பப் பாலிசி பார்க்கிறார்கள். மகனுக்கு 34 வயது, நோய் இல்லை. இ.எஸ்.ஐ. இல்லாத வேலைக்கு மாறினால் அது போய்விடும், சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் போய்விடும். அதனால் இந்தப் பாலிசி இப்போதே வேண்டும் என்பது என் கருத்து. அறை வாடகை வரம்பு இல்லாததாக, திருநெல்வேலியில் பணம் கட்டாமல் சேரக்கூடிய மருத்துவமனை பட்டியலில் உள்ளதாகப் பார்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

கார்டுக்கும் பாலிசிக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர்கள்தான் மீதி. சொந்தமாக ஆட்டோ ஓட்டுபவர், சின்னக் கடை வைத்திருப்பவர். ஆண்டு வருமானம் ஒன்றரை லட்சம். கார்டுக்கு வரம்பைத் தாண்டிவிட்டது, இ.எஸ்.ஐ. கிடையாது, பாலிசி கட்டினால் பள்ளிக் கட்டணம் இடிக்கும். அவர்களுக்கு நான் சொல்வது இது: மாத்திரைக்கு ஊர் சுகாதார நிலையம், அவசரத்துக்கு 108-ம் அரசு மருத்துவமனையும், வீட்டில் சம்பாதிப்பவருக்கும் இளையவர்களுக்கும் மட்டும் ஒரு அடிப்படைப் பாலிசி. அரசுக்கு நான் சொல்வது, ஐந்து பேர் உள்ள வீட்டுக்கும் இரண்டு பேர் உள்ள வீட்டுக்கும் அதே 1,20,000 என்ற வரம்பை மாற்றி, தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடுங்கள்.